பழனிப் பாதையில் நிதி திரட்டி நடப்பவர்களுக்கு மவுண்டன் பைக்கில் துணை செல்வது எப்படி?

குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்குச் செல்லும் ஏறத்தாழ 150 கி.மீ. பாதை, தைப்பூசக் காவடியோடு நகரத்தார் (செட்டிநாட்டுச் சமூகத்தினர்) தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் பாதை. ஒரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகவோ ஒருவருடைய அறுவைச் சிகிச்சைக்காகவோ, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று உறவினரிடமும் நண்பர்களிடமும் நன்கொடை பெற்று நடக்கும் சிறு குழுக்களுக்கும் இது ஏற்ற பாதையே. அத்தகைய குழு ஒன்றுக்கு முதன்முறையாக மவுண்டன் பைக்கில், அதாவது கரடுமுரடான பாதைக்கேற்ற சைக்கிளில், துணை செல்ல நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணை வண்டியில் செல்பவர் கவனிக்க வேண்டியது முன்னால் நடப்பவரை அல்ல, கடைசியில் நடப்பவரையே. பாதை, வண்டி, சுமை என்று கீழே சொல்வன அனைத்தும் அதற்காகத்தான்.

1. நாளையும் பாதையையும் முடிவு செய்தல்

தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் சாலையோரம் முழுவதும் பக்தர்கள் நடப்பதால், அங்கே சைக்கிள் இடைஞ்சலாகவே இருக்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறாத மார்கழிக் கடைசி, புதியவர்களுக்குப் பொருத்தமான காலம். நாளொன்றுக்கு 25 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஆறு நாட்களில் பழனியை அடையலாம்.

முதலில் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வரை தார்ச்சாலையை விட்டு விலகி, கண்மாய்க் கரைகளிலும் செம்மண் வண்டிப்பாதைகளிலும் ஓட்டிப் பழகுங்கள். சரளைக்கற்கள் பரவிய செம்மண்ணில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். இரண்டு பிரேக்கையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்து, உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி இறங்கும் பழக்கம் கைவந்த பிறகு சுமை ஏற்றலாம். நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே, மலைகளை ஒட்டிச் செல்லும் பகுதியில் இந்தப் பழக்கம் மிகவும் தேவைப்படும்.

2. வண்டியும் முள்ளும்

விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. முன்பக்கம் மட்டும் ஷாக் அப்சார்பர் உள்ள, 2 அங்குலத்துக்கு மேல் அகலமான டயர் கொண்ட, பின்னால் கேரியர் மாட்ட வசதியுள்ள கியர் சைக்கிள் போதுமானது. சுமார் 65 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள டயரில் காற்றழுத்தத்தை முன்னால் 30, பின்னால் 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கி, சுமை ஏற்றும்போது பின்னால் மூன்று நான்கு கூட்டிக்கொள்ளலாம். காற்று மிகவும் குறைந்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கி இரட்டைப் பஞ்சர் ஆகும்.

நம் பகுதியில் உண்மையான எதிரி சீமைக்கருவேல முள். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதியவர்கள் பலர் டியூபை மாற்றிவிட்டு, பத்து நிமிடத்தில் மறுபடியும் பஞ்சராகி நிற்பதைக் காணலாம். முள் டயருக்குள் இறங்கியதும் வெளிப்பகுதி தேய்ந்து ஒடிந்துவிடுகிறது. நுனி மட்டும் ரப்பருக்குள் கறுப்பாக, கண்ணுக்குத் தெரியாமல் நின்றுவிடுகிறது. ஆகவே டியூபை வெளியே எடுத்ததும், ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உட்புறம் முழுவதும் மெதுவாகத் தடவிக்கொண்டே வாருங்கள். பஞ்சின் இழை எங்கே சிக்குகிறதோ அங்கேதான் முள் இருக்கிறது. விரலால் தேடினால் விரல் கிழியும். சிறிய குறடால் நுனியை உட்புறமாகவே இழுத்து எடுங்கள். உள்ளே வராவிட்டால் வெளிப்பக்கம் தள்ளி எடுங்கள். பஞ்சரான டியூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வால்விலிருந்து அளந்து டயரோடு ஒப்பிட்டால், தேட வேண்டிய பகுதி வெகுவாகக் குறையும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாற்றி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றிக்கொண்டால் இத்தகைய சிறு ஓட்டைகள் பெரும்பாலும் தாமாகவே அடைபடும். வசதியுள்ளவர்கள் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

இரண்டு உபரி டியூப், பஞ்சர் ஒட்டு, டயர் லீவர், கைப் பம்ப், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோணத் திருகுகளைத் திருகும் சாவி), ஒரு செயின் இணைப்பு ஆகியவற்றை எப்போதும் வைத்திருங்கள்.

3. சுமையைக் கட்டுதல்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. ஆறு லிட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். கேரியரின் இரு பக்கமும் தாழ்வாக, சம எடையாகத் தொங்கவிடுங்கள். முதுகுப்பையில் சுமந்தால் இரண்டாம் நாளே இடுப்பு வலிக்கும். வழியில் டீக்கடைகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் நிரப்பிக்கொள்ளலாம். ஊருணித் தண்ணீரைக் காய்ச்சாமல் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

ஓ.ஆர்.எஸ். (உடலில் நீரிழப்பை ஈடுசெய்யும் உப்பு-சர்க்கரைத் தூள்) பொட்டலம் வாங்கும்போது உறையில் அச்சிட்டுள்ள அளவைப் படியுங்கள். 200 மி.லி.க்கான சிறு பொட்டலமும் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் கடையில் கிடைக்கின்றன; சிறியதை ஒரு லிட்டர் பாட்டிலில் கரைத்தால் பயனில்லை. பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சமமட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம்.

4. நடப்பவர்களோடு ஓட்டுதல்

வேகமாக நடப்பவர் மணிக்கு 5 கி.மீ., மெதுவாக நடப்பவர் 3.5 கி.மீ. என்று கொண்டால், நான்கு மணி நேரத்தில் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே 6 கி.மீ. இடைவெளி விழுகிறது. சைக்கிளில் ஒருவர் மட்டும் இருந்தால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகவே அரை மணி நேரம் ஆகும். அதனால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கடைசி ஆளை விட்டு விலகாமல், பெரும்பாலும் வண்டியைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்; மற்றவர் தண்ணீரோடு முன்னும் பின்னும் ஓட வேண்டும். முன்பின் ஓடுபவர், குழு 25 கி.மீ. நடக்கும் நாளில் 60 கி.மீ.க்கு மேல் மிதிக்க நேரிடும் என்பதை மனத்தில் கொண்டு பயிற்சி எடுங்கள்.

குழு விடியலுக்கு முன்பே புறப்படும் என்பதால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். நடப்பவர்களின் பைகளிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். நடப்பவர்களுக்கென அமைத்த சாலையோரப் பாதையில் சைக்கிளை ஓட்டாமல் இறங்கித் தள்ளுங்கள்.

5. பாதங்களைப் பார்த்தல்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கேளுங்கள். "கால் எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்றே சொல்வார்கள். "ஆச்சி, கொஞ்சம் உட்காருங்க, செருப்பைக் கழற்றுங்க, நான் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கலாம். புண்ணே தெரியாமல் நடப்பார்கள்.

தோல் சிவந்து எரியத் தொடங்கும்போதே கழுவித் துடைத்து, காகித டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிட்டால் கொப்புளம் வராமல் தடுக்கலாம். வந்துவிட்ட கொப்புளத்தை உடைக்காமல், நடுவில் ஓட்டை வெட்டிய பஞ்சுப் பட்டையைச் சுற்றிலும் வைத்து ஒட்டினால் அழுத்தம் அதன்மேல் விழாது. வெறுங்காலில் நடப்பவர்களைத் தார் சூடேறுவதற்கு முன்பே நிழலில் அமர்த்திவிடுங்கள்.

யாராவது உடல் கொதிக்க, குழறலாகப் பேசினால் நடையை அங்கேயே நிறுத்தி, நிழலில் படுக்கவைத்து, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயக்க நிலையில் இருப்பவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

6. பணமும் இரவு வேலையும்

வழியில் மக்கள் மனமுவந்து நன்கொடை நீட்டுவார்கள். துணை வண்டிக்காரர் ரொக்கம் சுமக்கக் கூடாது. பயனாளியின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ உள்ள கணக்கின் க்யூஆர் அட்டையை ஹேண்டில்பாரில் மாட்டி, நேரடியாக அதிலேயே செலுத்தச் சொல்லுங்கள். தங்குமிடத்துக்கு வந்ததும், குளிப்பதற்கு முன் டயர் முழுவதும் முள் தேடுங்கள். பிறகு செம்மண் ஒட்டிய செயினைத் துணியால் துடைத்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, மீதியைத் துடைத்தெடுங்கள். எண்ணெய் மிகுந்தால் மறுநாள் புழுதி அப்பிக்கொள்ளும். பிரேக் பேடைப் பாருங்கள், பாட்டில்களை நிரப்புங்கள், மறுநாள் கடைசி ஆளோடு யார் வருவது என்பதை அன்றிரவே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.