பழைய மாஸி 35: பெயின்டும் இன்ஜினும் ஒரிஜினலா என்று கண்டுபிடிப்பது எப்படி

மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது, செக்கச்செவேலென்று பளபளக்கிறது என்றால் முதலில் அந்தப் பளபளப்பை ஒதுக்கி வையுங்கள். அறுபது வயது தாண்டிய வண்டிக்கு ஒரு முறையாவது பெயின்ட் அடிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

1956-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இது ஃபெர்குசன் 35 என்று வெளிவந்தபோது தகரமெல்லாம் சாம்பல் நிறம், இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் செம்பு கலந்த பொன்னிறம். 1957 கடைசியில் பெயர் மாஸி ஃபெர்குசன் 35 என்று மாறியபோதுதான் பானெட்டும் மட்கார்டும் சிவப்பாகி, அடிப்பாகம் சாம்பலானது. அதனால் கியர் பாக்ஸ் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டும்போது பொன்னிறம் எட்டிப் பார்த்தால் அது முந்தைய வண்டி, சிவப்பு பின்னால் வந்தது. தகரத்தில் மட்டும் சாம்பலைப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், அது வெறும் பிரைமராகவும் இருக்கலாம்.

பெயின்டைத் தேட வேண்டியது வெயிலும் மழையும் படாத இடங்களில். டேங்குக்கு அடியில், டேஷ்போர்டின் பின்பக்கம், ஹெட்லைட் கிளாம்ப் உட்காரும் இடம், மட்கார்டு ஆக்ஸிலோடு சேரும் முகம். அங்கே ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு ஓரிடத்தை 400 நம்பர் வாட்டர் பேப்பரால், தண்ணீர் விட்டு, அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்து, அப்புறம் 800-ல் மெதுவாக முடியுங்கள். நடுவில் இரும்பு, அதைச் சுற்றிப் பிரைமர், அடுத்து முதல் நிறம், அதற்கும் வெளியே பின்னால் அடித்தவை என்று வளையம் வளையமாகத் தெரியும். இரும்புக்கும் நிறத்துக்கும் நடுவே தடிமனாகப் பட்டி இருந்தால் அந்தத் தகரம் அடிவாங்கி நிமிர்த்தியது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, முகமூடி கட்டாயம், வழிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

ரப்பர் ஹோஸ், ஒயர், நம்பர் பிளேட்டின் ஓரம், கிரீஸ் நிப்பிள் இவற்றின் மேல் பெயின்ட் தெளித்திருந்தால் அது பட்டறை வேலை. போல்ட்டையும் ஒன்றிரண்டு கழற்றிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டியில் இருந்தவை அங்குல அளவு போல்ட்டுகள். தலையில் 8.8 என்று எழுதியிருந்தால் அது மெட்ரிக் போல்ட், யாரோ திறந்து மாற்றியிருக்கிறார்கள்.

இன்ஜினுக்கு வருவோம், பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். முதலில் வந்த டீசல் வண்டிகளில் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் 23சி, நாலு சிலிண்டர். குளிர் காலையில் கிளம்பவே அடம்பிடிக்கும் என்று பெயர் வாங்கியது. 1959-இல் அதன் இடத்துக்கு பெர்கின்ஸ் 3ஏ.152 வந்தது, மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் 2.5 லிட்டர். இது நன்றாக ஓடியதால் நாலு சிலிண்டர் வண்டி வைத்திருந்த பலரும் பெர்கின்ஸை எடுத்துப் பொருத்திக்கொண்டார்கள். டேஷ்போர்டு பிளேட்டில் வரிசை எண்ணுக்கு முன்னால் எஸ்டிஎம் என்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் ஸ்டாண்டர்ட் டீசல், எஸ்என்எம் என்றால் பெர்கின்ஸ். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களுக்குப் போகும் பைப்புகளை எண்ணுங்கள், சிலிண்டருக்கு ஒன்று. பிளேட் எஸ்டிஎம் என்கிறது, பைப் மூன்றுதான் என்றால் இன்ஜின் மாறியது. மாற்றியது தப்பே இல்லை, ஓட்டுவதற்கு அதுதான் நல்ல இன்ஜினும்கூட, ஆனால் ஒரிஜினல் விலை கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு விஷயம். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே டிராக்டர் கம்பெனியின் 1035 இந்த 35-இன் வழிவந்ததுதான், அதற்குள் இருப்பது சிம்சன் இன்ஜின். இங்கிலாந்து 35 என்று சொல்லி விற்கிற வண்டியின் இன்ஜினில் சிம்சன் பெயர் இருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிட்டது.

இன்ஜின் பிளாக்கில் புடைத்து நிற்கும் எழுத்துகள் வார்ப்பிலேயே வந்தவை, குழிந்தவை பஞ்ச் அடித்தவை. வார்ப்பில் தேதிக் குறி கிடைத்தால் அது வண்டி தயாரான தேதிக்குக் கொஞ்சம் முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அந்தப் பாகம் பிற்பாடு ஏறியது. லூகாஸ் டைனமோவின் உடம்பிலும் மாதமும் வருடமும் குத்தியிருக்கும், பிரஷ்ஷால் துடைத்தால் தெரியும். டைனமோ இருக்க வேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டர் இருந்தால் அது பிற்பாடு மாற்றியதுதான், கேள்விக்கே இடமில்லை.

கடைசியாக ஆர்.சி. புத்தகத்தை விரித்து சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். நம்பர் இருக்கும் இடம் மட்டும் கிரைண்டர் போட்ட மாதிரி வழவழவென்றோ எழுத்துகள் ஏறுமாறாகவோ இருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.