பீரியட்ஸ் தள்ளிப் போகிறதா? பொடி வாங்கும் முன் தட்டைப் பாருங்கள்

பீரியட்ஸ் தள்ளிப் போனாலே "ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்கிறார்கள், ஆனால் அப்படித் தனியாக ஒரு நோய் கிடையாது. தைராய்டு குறைந்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள், தாய்ப்பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூடினாலும் அதைத்தான், சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் இருந்தாலும் அதையேதான். அதனால் எந்தக் கஷாயத்தையும் அடுப்பில் ஏற்றும் முன், உங்களுக்கு எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தைராய்டுக்கு டிஎஸ்எச், அப்புறம் புரோலாக்டின், சர்க்கரை என்று சில ரத்தப் பரிசோதனைகள், டாக்டர் சொன்னால் ஒரு ஸ்கேன், அவ்வளவுதான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் நீர்க்கட்டி என்று பார்த்ததுமே பயந்துவிட வேண்டாம், பிசிஓஎஸ்ஸில் அவை கட்டிகளே இல்லை, முழுதாக வளராமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப் பைகள். பெரியவர்களுக்கு, ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி (தாடையில் முடி, விடாத பரு), ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்து, வேறு காரணமும் இல்லை என்றால்தான் பிசிஓஎஸ் என்று முடிவு செய்வார்கள். தைராய்டு குறைவு என்று வந்தால் டாக்டர் எழுதித்தரும் மாத்திரைதான் வழி. வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள், கால்சியம், இரும்பு மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

பிசிஓஎஸ் என்றால் வீட்டில் செய்ய நிறையவே இருக்கிறது, ஏனென்றால் பலருக்கும் அதன் பின்னால் இருப்பது ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக அசையாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும், அந்த அதிக இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டும், முட்டை வெளியே வராது, பீரியட்ஸ் தள்ளிப் போகும். ஆக, சாப்பாட்டுத் தட்டில் கை வைக்காமல் எந்தப் பொடியைக் கரைத்துக் குடித்தும் பெரிதாகப் பயனில்லை.

சோற்றை விட வேண்டாம், பாதியாக்குங்கள். முதலில் பொரியலும் கூட்டும், கூடவே முட்டையோ மீனோ சுண்டலோ, கடைசியில் சோறு. இந்த வரிசைக்கே சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது குறையும். காலையில் ஆறு இட்லிக்குப் பதில் மூன்று, பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பார், ஒரு முட்டை. ராகி நல்லதுதான், ஆனால் கூழாகக் காய்ச்சி ஒரு சொம்பு குடித்தால் அதுவும் மாவுச்சத்துதானே! கருப்பட்டியும் அப்படித்தான், கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது என்பதற்காகச் சர்க்கரை இல்லை என்று ஆகிவிடாது. பாட்டி கிண்டிய உளுந்தங்களியை நான் விடச் சொல்ல மாட்டேன், கருப்பட்டியை மட்டும் குறைத்துக் கிண்டுங்கள்.

அப்புறம் நடை. ராத்திரி சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் மொட்டை மாடியில் 15 நிமிஷம் நடந்தால், தசைகளே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷம் வேகநடை, அதோடு இரண்டு நாள் எடை தூக்குவது அல்லது உட்கார்ந்து எழுவது. எடை அதிகமுள்ளவர்கள் 5 சதவீதம் குறைத்தாலே, அதாவது 80 கிலோவில் 4 கிலோ, பலருக்குச் சுழற்சி திரும்புகிறது. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் பிசிஓஎஸ் வரும், அவர்கள் பட்டினி கிடந்து இளைக்க வேண்டியதில்லை. தூக்கம் 7 மணி நேரம், போன் வேறு அறையில்.

வெந்தயம் சாப்பிடலாம், சர்க்கரைக்குக் கொஞ்சம் உதவும். பிசிஓஎஸ்ஸுக்குச் சித்த வைத்தியத்தில் சொல்லும் கழற்சிக்காயைப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் கேட்டு எடுங்கள், சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மாதத்தின் முதல் பாதியில் ஆளி விதை, இரண்டாம் பாதியில் எள் என்று இப்போது ஓடுகிற விதைச் சுழற்சிக்கு நல்ல ஆதாரம் இல்லை. எள்ளுருண்டை பிடித்தால் எந்த நாளும் அளவாகச் சாப்பிடுங்களேன்.

மூன்று மாதமாவது விடாமல் செய்து பாருங்கள், முட்டை வளர்ந்து முதிரவே அவ்வளவு காலம் ஆகும். ஆனால் 90 நாள் பீரியட்ஸே வரவில்லை என்றால் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போவது நல்லதல்ல. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, குரல் திடீரெனக் கட்டையானாலோ காத்திருக்கவே வேண்டாம். இன்னொன்று, இப்போது குழந்தை வேண்டாம் என்றிருப்பவர்கள் கருத்தடையை விட்டுவிடாதீர்கள், பீரியட்ஸ் திரும்புவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடும்.