மலைக்காற்றில் ஓடும் சின்ன இன்ஜின்

சின்ன மாதிரி இன்ஜினை முதன்முதலாகச் செய்பவர்களுக்கு, 24 மில்லிமீட்டர் துளையும் (சிலிண்டரின் உள்விட்டம்) 30 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட, பெட்ரோலில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினையே பரிந்துரைப்பேன். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 13.6 சிசி. இதைவிடச் சிறிதாகச் செய்யும்போது பாகங்கள் சிறுக்கின்றனவே தவிர, கசிவு அதே அளவில் குறைவதில்லை. சின்ன இன்ஜின்கள் கிளம்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே உழைப்பில் பாதியைச் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் ஒதுக்குங்கள். இரண்டையும் வார்ப்பிரும்பில் கடைந்தால் பிஸ்டனைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரிங் இல்லாமலே ஓட்டலாம். சிலிண்டரை லேத்தில் போரிங் செய்தபின், அலுமினிய லேப்பில் (துளைக்குள் விட்டுத் தேய்க்கும் உருளையில்) நுண்ணிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி, அது இருமுனைகளிலும் சற்று வெளிவருமாறு முன்னும் பின்னும் நகர்த்தித் தேய்க்க வேண்டும். பிஸ்டனையே பேஸ்டுடன் உள்ளே விட்டுத் தேய்க்கும் குறுக்குவழியை நாடினால், துளையின் வாய் புனல்போல் அகன்றுவிடும். பிஸ்டனைத் தனியே, துளையைவிட 0.01 மில்லிமீட்டர் குறைவாக முடியுங்கள். பிறகு மண்ணெண்ணெயிலும் சோப்பு வெந்நீரிலும் கழுவி, உடனே எண்ணெய் பூசுங்கள். உதகையின் மழைக்காலத்தில் வெறும் வார்ப்பிரும்பு ஒரே இரவில் துருப்பிடித்துவிடும். ஒரு முனையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு பிஸ்டனை இழுத்தால் அது தோலை உறிஞ்ச வேண்டும். முழுதாக உருவும்போது ‘டப்’ என்று ஓசை எழ வேண்டும். அந்த ஓசை வராத வரை மற்ற வேலையைத் தொடாதீர்கள்.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில் சுழல வேண்டுமாதலால், கிராங்கில் 20 பல், கேமில் 40 பல் கியர்கள் போதும். வால்வுகள் சீட்டில் (அவை மூடும்போது பொருந்தும் விளிம்பில்) சரியாக அமர்ந்துள்ளனவா என்பதை, போர்ட்டில் (வால்வுக்குப் பின்னுள்ள வழியில்) மண்ணெண்ணெய் ஊற்றி, கசிகிறதா என்று பார்த்தே அறியலாம்.

இனி, மலைக்கே உரிய சிக்கல். கோயம்புத்தூரில் அழகாக ஓடிய என் இன்ஜின், இங்கே உதகைக்கு வந்ததும் இருமிவிட்டு நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி போன்ற புகைக்கறை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கீழே சரியாக இருந்த பெட்ரோல் அளவு மேலே மிகையாகிவிடுகிறது. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கார்புரேட்டர் ஊசியைக் கால் சுற்றுக்கும் குறைவாக, சிறிது சிறிதாக உள்ளே திருகி, கரும்புகை மறையும் இடத்தில் நிறுத்துங்கள். சக்தியும் ஏறக்குறைய அதே பங்கு குறையும். அதை ஊசியால் மீட்க முயல வேண்டாம்.

குளிருக்கு அஞ்சிக் கதவைச் சாத்திய அறையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள்; புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும். பெட்ரோலில் சிறிது எண்ணெய் கலந்து, முதல் நாள் ஒவ்வொரு நிமிடமாக ஓட்டி, இடையிடையே ஆறவிடுங்கள். நிறுத்தியதும் டேங்கை வடித்து, பிளக் துளையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஃப்ளைவீலைக் கையால் இருமுறை சுற்றி வையுங்கள்.