சிங்கப்பூர் கப்பல் பயணம்: ஃப்ளைட் டிக்கெட்டை எப்போது போடுவது?

சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு, புக்கெட் போய்வரும் மூன்று நான்கு இரவுக் கப்பல் பயணத்துக்கு இப்போது நம் ஊரிலிருந்து நிறையக் குடும்பங்கள் போகின்றன. கப்பலை புக் செய்ததும் எல்லோரும் கேட்பது, ஃப்ளைட் டிக்கெட்டை எப்போது போட்டால் விலை குறையும் என்றுதான். ஆனால் எந்த நாளில் போய் இறங்குவது என்று முடிவு செய்யாமல் விலை பார்க்க உட்காராதீர்கள். மலிவாகக் கிடைத்தது என்று ஆசைப்பட்டு வாங்கிய டிக்கெட்டே மொத்தப் பயணத்தையும் கெடுத்துவிடலாம்.

படி 1: இறங்கும் நாள்

கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாளே சிங்கப்பூரில் இருங்கள். சென்னையிலிருந்து நாலு மணி நேரச் சொச்சம்தானே, ராத்திரி ஏறினால் விடியற்காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம், கப்பல் சாயங்காலம்தான் கிளம்புகிறது, எதற்கு வீணாக ஒரு நாள் ஓட்டல் வாடகை என்று தோன்றும். விமானம் நேரத்துக்குக் கிளம்பினால் அந்தக் கணக்கு சரி. அன்று ராத்திரி அது ரத்தானால்? பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனம் அதிகாரிகளிடம் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும் என்பதால் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் மூடிவிடும். உங்களுக்காகக் கப்பல் நிற்காது, கட்டிய பணமும் பொதுவாகத் திரும்பாது. அடுத்த துறைமுகத்தில் போய் ஏறிக்கொள்ளலாம் என்றால் அதற்குக் கப்பல் நிறுவனம் சம்மதிக்க வேண்டும், அந்த நாட்டு விசா விதி ஒத்துவர வேண்டும், புது டிக்கெட்டும் வாங்க வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் போகிறவர்கள் இதை இன்னும் கவனமாக யோசியுங்கள், ஏனென்றால் அதுதான் புயல் காலம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள், மறுநாள் காலையில்தான் திறந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலின்போதும் மூடினார்கள். 2015 வெள்ளத்தில் பல நாட்கள் விமானமே இல்லை. அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையிலிருந்து போவதென்றால் இரண்டு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். திருச்சியோ கோயம்புத்தூரோ உங்களுக்குப் பக்கம் என்றால் அங்கிருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது.

அப்புறம், தேதி. ராத்திரி 11 மணி விமானம் மறுநாள்தான் போய்ச் சேரும். கப்பல் 20ஆம் தேதி என்றால் நீங்கள் 19ஆம் தேதி இறங்க வேண்டும், அதாவது ஏறுவது 18 ராத்திரி. புதிதாகப் போகிறவர்கள் பலர் குழம்பும் இடம் இது.

படி 2: முதலில் கப்பல், பிறகு விமானம்

ஃப்ளைட் சலுகை வந்திருக்கிறதே என்று டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டுக் கப்பல் தேடாதீர்கள். கப்பலுக்கு முதலில் முன்பணம்தான் கட்டுவோம், மீதியைப் பயணத்துக்கு ஏறக்குறைய 75 முதல் 90 நாட்களுக்கு முன் கேட்பார்கள். அதுவரை உங்கள் மனமும் மாறலாம், சில சமயம் நிறுவனமே பயணத்தை மாற்றலாம். எனவே மீதிப் பணம் கட்டும் நாளுக்கு முன்பே டிக்கெட் வாங்குவதாக இருந்தால் தேதி மாற்ற அனுமதிக்கும் கட்டணத்தில் வாங்குங்கள். திரும்பக் கிடைக்காத மலிவு டிக்கெட்தான் வேண்டும் என்றால் அந்த நாளை ஒட்டி வாங்குவது நல்லது.

படி 3: விலை

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாட்களுக்கு முன்பே முன்பதிவைத் திறந்துவிடுகிறது. திறந்த உடனே வாங்கினால் மலிவு என்று நினைக்க வேண்டாம். சாதாரண மாதங்களுக்கு நாலு மாதம் முன்பிருந்து பார்க்க ஆரம்பித்து, இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது வாங்கிவிடுங்கள் என்பேன். மே, டிசம்பர் விடுமுறை என்றால் ஐந்தாறு மாதம் முன்பே.

போகும் விலையையும் திரும்பும் விலையையும் தனித்தனியாகப் பாருங்கள். தீபாவளி, பொங்கலை ஒட்டி சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் ஆட்கள் ஊருக்கு வருவார்கள். நீங்கள் திரும்பும் நாளும் அதே நாளாக அமைந்தால் போகும் டிக்கெட் மலிவாகவும் திரும்பும் டிக்கெட் எக்கச்சக்கமாகவும் இருக்கும். அங்கே நவம்பர் பிற்பகுதியிலிருந்து பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை, அந்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கூகுள் ஃப்ளைட்ஸில் உங்கள் தேதிக்கு விலை அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு மொத்தம் இவ்வளவுதான் என்று ஒரு தொகையை எழுதி வையுங்கள், அது வந்ததும் வாங்குங்கள், வாங்கிய பிறகு விலை பார்ப்பதை விட்டுவிடுங்கள். ஸ்கூட் மாதிரி மலிவு விமானங்களில் அடிப்படைக் கட்டணத்தில் பெட்டி சேராது, அதையும் கூட்டிய பிறகே ஒப்பிடுங்கள். கொழும்பு, கோலாலம்பூர் வழியாக மாறிப் போவதென்றால் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது.

படி 4: திரும்பும் விமானம்

கப்பல் காலையில் கரைக்கு வந்துவிடும், ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்க வேண்டும், பெட்டி எடுக்க வேண்டும், குடியேற்ற வரிசை வேறு. கப்பல் வந்து நிற்கும் மரினா பே க்ரூஸ் சென்டரிலிருந்து சாங்கிக்கு டாக்சியில் அரை மணி நேரம். மதியம் இரண்டு மணிக்கு முன் கிளம்பும் விமானம் வேண்டவே வேண்டாம். குழந்தைகளும் பெரியவர்களும் கூட இருந்தால் சாயங்கால விமானமே நிம்மதி.

படி 5: பணம் கட்டுவதற்கு முன்

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நமக்கு இனிஷியலில்தான் பிரச்சினை வரும்: பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் கப்பல், விமானம் இரண்டிலும் அப்படியே போடுங்கள். பயணம் முடிந்த பிறகும் பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். கப்பல் வெளிநாடு போய் மறுபடி சிங்கப்பூருக்குள் வருவதால் பல முறை நுழைய அனுமதிக்கும் விசா தேவை. பயணக் காப்பீட்டையும் அன்றே எடுங்கள், கப்பலைத் தவறவிட்டால் ஈடு உண்டா என்று பார்த்து எடுங்கள்.

டிக்கெட் போட்ட பிறகும் மின்னஞ்சலை அவ்வப்போது பாருங்கள், விமான நிறுவனங்கள் நேரத்தை மாற்றுவது சகஜம். புது நேரம் உங்கள் கப்பலுக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்தாமல், உடனே கூப்பிட்டு வேறு விமானம் கேளுங்கள்.