‘வீட்டுக்குப் போகணும்’ என்று அம்மா சொல்லும்போது: மறதி நோயாளியைக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு

சாயங்காலம் ஐந்தரை ஆனால் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் கதவருகே வந்து நிற்பார். கையில் பழைய மஞ்சள் பை. “நேரமாச்சு, வீட்டுக்குக் கிளம்பணும்” என்பார். அவர் நிற்பது பெரம்பூரில் அவருடைய சொந்த வீட்டில். நாற்பது வருஷம் அவர் கோலம் போட்ட வாசலில்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றால், இதோ நான் கற்றுக்கொண்ட வரிசை.

படி 1: குழப்பம் எப்போது வந்தது?

டிமென்ஷியா என்கிற மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வளரும். முந்தாநாள் வரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இன்று ஆளே மாறிப்போனால் அது வேறு. அதை டெலிரியம் என்பார்கள். உடம்பில் எங்கோ ஒரு கோளாறு மூளையைக் குழப்புகிறது என்று அர்த்தம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவது, மலச்சிக்கல், சர்க்கரை தாழ்வது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவாகவும் இருக்கலாம். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் சில மாத்திரைகள்கூட வயதானவர்களைக் குழப்பிவிடும். மறதி நோய் ஏற்கெனவே இருப்பவருக்கும் இது வரும். “நோய் முத்திடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள்.

சத்தம் போட்டால்தான் குழப்பம் என்றில்லை. பகலெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடந்து, சோற்றை விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பதும் அதேதான். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாய் கோணினாலோ ஒரு பக்கக் கை தளர்ந்தாலோ உடனே 108.

கத்திரி வெயிலில் இன்னும் கவனம் தேவை. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. “தண்ணி வேணுமா?” என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். அதனால் கேட்காமல், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தண்ணீரோ நீர்மோரோ கையில் கொடுத்துவிடுங்கள். இதயம், சிறுநீரகத் தொல்லை இருப்பவர்களுக்கு மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: டாக்டரிடம் நோட்டோடு போங்கள்

“வயசானா அப்படித்தான்” என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு நாங்கள் ஒரு வருஷத்தை வீணாக்கினோம். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியாகக் காட்டும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. காது கேட்காததும் கண்புரையும் குழப்பத்தைக் கூட்டும். என்னென்ன மறந்தார், எந்த மாதத்திலிருந்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதிக்கொண்டு போங்கள். சென்னை கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் மருத்துவமனை அரசுடையது. அண்ணா நகரில் ஸ்கார்ஃப் என்கிற மனநலத் தொண்டு அமைப்பு மறதி நோய்க்கென்றே சேவை நடத்துகிறது.

படி 3: வாதாடுவதை நிறுத்துங்கள்

எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். “இதுதாம்மா உன் வீடு, பாரு, உன் பீரோ” என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். ஒருநாள் “அப்பா எங்கே, இன்னும் வரலையே” என்றார். “அப்பா போய் பத்து வருஷமாச்சும்மா” என்றேன். அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டவர் மாதிரி அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அரை மணி நேரத்தில் அழுததை மறந்துவிட்டார். ஆனால் ராத்திரி முழுக்க அந்தக் கலக்கம் அவரை விடவில்லை. செய்தி மறந்துவிடும், துக்கம் தங்கிவிடும்.

இப்போது நான் செய்வது இது. பின்னாலிருந்து கூப்பிடாமல் முன்னால் போய், கண்ணுக்கு நேராக நிற்பேன். “கிளம்பலாம்மா. உங்க வீட்ல மாமரம் இருந்துச்சே?” என்பேன். அவர் சைதாப்பேட்டை வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார். அவர் தேடுவது அந்த வீட்டையும்கூட அல்ல, அங்கே இருந்த நிம்மதியை என்று எனக்குத் தோன்றுகிறது. பேசிக்கொண்டே உட்காரவைத்து முறத்தில் முருங்கைக்கீரையை வைப்பேன். கை தானாக ஆயத் தொடங்கும். காம்பை ஒதுக்கி, பழுத்ததைக் கிள்ளியெறிந்து, அத்தனை சுத்தமாக. பெயர்கள் போனபிறகும் கைப்பழக்கம் வெகுநாள் இருக்கும்.

அம்மா என்னை “நீங்க” என்றால், அந்த நேரத்தில் நான் யாரோ. “என்னைத் தெரியலையா?” என்று சோதிக்க மாட்டேன். கீரை பாதி ஆவதற்குள் சில நாள் “நீ சாப்டியாடி?” என்று கேட்டுவிடுவார்.

இன்னொன்று, இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள். மங்கல் வெளிச்சத்தில் நிழல்கள் ஆளாகத் தெரியும். டிவியில் நியூஸ் சண்டையையும் அணைத்துவிடுங்கள்.

படி 4: குளியல்

தலையில் எடுத்தவுடன் தண்ணீர் ஊற்றினால் பயந்துவிடுவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரைப் பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். தோளில் ஒரு துண்டு இருக்கட்டும், மானம் மறக்காது. சொம்பை அவர் கையிலும் கொடுங்கள். இன்று மறுத்தால் நாளைக்குக் குளிக்கலாம்.

படி 5: வாசலும் அடுப்பும்

ராத்திரி கேஸ் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கதவில் ஒரு மணி கட்டுங்கள். ஜாக்கெட்டின் உள்பக்கம் போன் நம்பர் எழுதிய துணியைத் தைத்துவிடுங்கள். வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒருமுறை அம்மா தெருமுனை தாண்டியதைப் பார்த்து, கைபிடித்துக் கூட்டிவந்தவர் பூக்காரம்மாதான். ஆளைக் காணோம் என்றால் தேடிக்கொண்டே 100-க்கும் போன் செய்யுங்கள்.

படி 6: உங்களுக்கு ஒரு அரைநாள்

கத்திவிட்டு அப்புறம் பாத்ரூமில் நின்று அழுத நாட்கள் எனக்கும் உண்டு. மனசு தாங்கவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். கூடப்பிறந்தவர்களிடம் “முடிஞ்சா வா” என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், கிழமையையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு என் தம்பி வந்துவிடுகிறான். கீரையும் அவனே வாங்கி வருகிறான்.