ஊசியில் நூல் கோர்த்த அப்பாவும் கண் அழுத்த நோயும்

என் அப்பா தையல்காரர். 68 வயதிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரே முயற்சியில் ஊசியில் நூல் கோர்த்துவிடுவார். அதனால் அவர் கண்ணைப் பற்றி வீட்டில் யாருக்கும் கவலையே இருந்ததில்லை. இடது பக்கம் வைத்த காபி டம்ளரை முழங்கையால் தட்டிவிடுவார். வாசலில் நிற்கிற சைக்கிளில் இடித்துக்கொண்டு, "நடக்கிற வழியிலயா வண்டிய நிறுத்துவீங்க?" என்று எங்களைச் சத்தம் போடுவார். கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மண்டபப் படியில் தவறி விழுந்தார். மறுநாள் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். இடது கண்ணில் நடுப்பார்வை மட்டும்தான் மிச்சம் என்றார்கள்.

ஊசிக் காது, பேப்பர் எழுத்து, எதிரில் நிற்பவர் முகம் எல்லாமே நடுப்பார்வையில் தெரிபவை. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் பெரும்பாலும் அதைக் கடைசிவரை விட்டுவைத்துவிட்டு ஓரங்களில் இருந்து அரித்துக்கொண்டு வரும். வலிக்காது, சிவக்காது. ஒரு கண் இழந்ததை இன்னொரு கண் ஈடுகட்டிவிடும். ஆகவே கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிட்டேன், எனக்கு ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மதுரை, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் அரவிந்த் கண் மருத்துவமனையினர் நடத்திய பெரிய கணக்கெடுப்பில், இந்த நோயின் பரவலான வகை இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அது இருப்பதே அதுவரை தெரியாது.

ஆறு வருடமாக அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் நாற்பது தாண்டியவர்கள் இருப்பார்கள்.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். இது கண்ணீர் இல்லை, வேறு. முன்பக்கக் கண்ணாடி போன்ற படலமும் அதற்குப் பின்னால் உள்ள பழுப்பு வட்டத் திரையும் சேர்கிற மூலையில் சல்லடை மாதிரி ஒரு வடிகால் உண்டு. ஊறுவது அதன் வழியாக வடிய வேண்டும். வடியாமல் தேங்கினால் அழுத்தம் ஏறி, பின்பக்கம் உள்ள பார்வை நரம்பை நசுக்கும். அந்த நரம்பில் சுமார் பத்து லட்சம் இழைகள். "உள்ள நூல் இழை இழையா அறுந்துக்கிட்டு இருக்குப்பா" என்று நான் சொன்னபோதுதான் அப்பாவுக்குப் புரிந்தது. அறுந்ததை ஒட்டவைக்க இன்றுவரை மருந்து கிடையாது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் எல்லா வைத்தியமும்.

பொதுவாக இந்த அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். அப்பாவுக்கு அன்று இடது கண்ணில் 30, வலதில் 26. இது ரத்த அழுத்தம் இல்லை. பி.பி. மாத்திரை சாப்பிடுகிறோமே, அது போதாதா என்று எங்கள் அத்தை கேட்டார். போதாது. அதோடு, 21-க்குள் இருந்தே நரம்பு கெடுகிறவர்களும் உண்டு, 24 இருந்தும் கெடாதவர்களும் உண்டு. அதனால் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியடைய முடியாது.

வகைகளில் இரண்டை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு வந்தது திறந்த கோண வகை. மூலை திறந்தே இருக்கும், சல்லடை மட்டும் மெல்ல அடைபடும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். இன்னொன்று மூடிய கோண வகை. திரை முன்னால் தள்ளி மூலையையே அடைத்துவிடும். நம் நாட்டிலும் ஆசியாவின் பல பகுதிகளிலும் இது கணிசமாக உண்டு. சிலருக்கு இது ஒரே இரவில் வெடிக்கும். என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது: மண்டை பிளக்கிற வலி, வாந்தி, ஒரு கண் சிவந்து மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்து விடியும்வரை காத்திருந்தார்கள். அந்தக் கண்ணில் பார்வை பெரிதாகத் திரும்பவில்லை. வாந்தியோடு தலைவலி வந்தால் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பாருங்கள். ஒன்று மங்கலாக இருந்தால் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரம்தான் கையில் இருக்கும்.

இவை தவிர பிறவியிலேயே குழந்தைகளுக்கு வருவது, அடிபட்டு வருவது, முற்றிய புரையால் வருவது, கட்டுப்படாத சர்க்கரையால் வருவது என்று இருக்கின்றன. நாமே வரவழைத்துக்கொள்கிற ஒன்றும் உண்டு. கண் அரிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன் என்ற பெயர்கள் அட்டையில் இருந்தால் டாக்டர் எழுதித் தராமல் வாங்காதீர்கள். இரண்டு நாளில் அரிப்பு போய்விடும், ஆனால் மாதக்கணக்கில் ஊற்றினால் அழுத்தம் ஏறும்.

சரி, பரிசோதனைக்கு வருவோம். காற்று ஊதிப் பார்ப்பது முதல் வடிகட்டல்தான். சந்தேகம் இருந்தால் மரப்பு மருந்து விட்டு, கண்ணைத் தொட்டு அளப்பார்கள், வலிக்காது. முன்படலத்தின் தடிமனையும் அளப்பார்கள். அது மெல்லியதாக இருந்தால் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கண்ணாடி வில்லை ஒன்றை வைத்து மூலை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது கோனியோஸ்கோபி. கூட்டம் அதிகமான இடங்களில் விட்டுப்போகக்கூடியது இதுதான், அதனால் கேட்டு வாங்குங்கள். எந்த வகை என்று தெரிவதே இதில்தான். அப்புறம் கண் பாப்பாவை விரியவைத்து நரம்பைப் பார்ப்பார்கள். அன்று நாலைந்து மணி நேரம் பார்வை கூசும், வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் வேண்டும். ஓ.சி.டி. என்பது நரம்பிழைகளின் தடிமனை அளக்கும் படம்.

பார்வைப் பரப்பு பரிசோதனைக்கு அப்பா பயந்தார். ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அங்கங்கே ஒளி மின்னும்போது பட்டனை அழுத்த வேண்டும். பாதிக்கு மேல் தெரியாத மாதிரிதான் இருக்கும், எல்லோருக்கும் அப்படியே. ஒளியைத் தேடிக் கண்ணை ஓட்டாமல் இருந்தால் போதும். சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்த தெளிவோடு போங்கள். முதல் தடவை பலருக்குச் சரியாக வராது, மறுபடி எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி சொட்டு மருந்து. முதல் வருடம் நாங்கள் தோற்றது இங்கேதான். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அழுத்தம் 15, பார்வைப் பரப்புப் படத்தில் மட்டும் பார்வை போன இடத்தைக் காட்டும் கறுப்பு கூடிக்கொண்டே போனது. டாக்டர் மெதுவாக விசாரித்தார். "போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒழுங்கா ஊத்துவேன்" என்று அப்பா ஒப்புக்கொண்டார். ஊற்றியும் பார்வை கூடவில்லையே, எதற்கு வீணாக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். இது பார்வையைக் கூட்டுகிற மருந்து இல்லை என்று முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை.

ஊற்றும் விதம் இது. கையைக் கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையைச் சட்டைப் பை மாதிரி இழுத்துப் பிடித்து அதற்குள் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் நுனி இமையில் படக்கூடாது. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும், கண்ணில் ஒரு சொட்டுக்கே முழு இடம் கிடையாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்துங்கள். இல்லையென்றால் மருந்து மூக்கு வழியாக இறங்கி உடம்பில் கலக்கும். இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். ராத்திரி மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்ட், காலை மாலை மருந்துக்கு இரண்டு என்று பாட்டிலில் மாட்டிவிட்டேன். திறந்த தேதியைப் பேனாவில் எழுதுவேன். பெரும்பாலானவற்றை ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும்.

டிமோலால் என்ற சொட்டு மருந்தை ஊற்றினால் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரலாம், இதயத் துடிப்பு குறையலாம். அப்பாவுக்கு வீசிங் உண்டு என்பதை நாங்கள் டாக்டரிடம் சொல்ல மறந்து, ஒரு ராத்திரி முழுக்க அவர் மூச்சுக்குத் திணறினார். எல்லா நோயையும் எல்லா மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். லட்டானோபிராஸ்ட் என்ற இன்னொரு சொட்டு மருந்து ராத்திரி ஒரு வேளை. கண் கொஞ்சம் சிவக்கும், இமைமுடி நீளும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம்.

மருந்து போதவில்லை என்றால் (சிலருக்கு முதலிலேயே) லேசர், அதுவும் போதவில்லை என்றால் நீர் வடியப் புதுவழி வெட்டும் அறுவை சிகிச்சை அல்லது சின்னக் குழாய் வைப்பது. அந்தக் குழாய்களில் ஒன்றை மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனம் செய்கிறது. அப்பாவுக்கு இடது கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி மூன்று வருடம். அழுத்தம் 13-ல் நிற்கிறது. வலதில் மருந்து தொடர்கிறது. இப்போது ஊசியை வலது கண்ணால்தான் கோர்க்கிறார்.

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு. அதனால் நானும் போனேன். எனக்கு மூலை குறுகலாக இருக்கிறது என்று இரண்டு கண்ணிலும் லேசரால் ஒரு துளை போட்டார்கள், அரை மணி நேர வேலை, மறுநாள் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். தம்பிக்கு 41. திருப்பூரில் இருக்கிறான், நேரமில்லை என்கிறான். பங்குனித் திருவிழாவுக்கு ஊருக்கு வருவான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமைக்கு அவன் பெயரில் டோக்கன் போட்டு வைத்திருக்கிறேன்.