ஓடாத லாண்ட்மாஸ்டரில் கை வைக்கும் முன்

காலபோக (பெரும்போக) உழவு தொடங்கிவிட்டது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழும் அக்கராயன் பக்கமும் முதல் மழை விழுந்த கிழமையிலேயே, மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற லாண்ட்மாஸ்டர்கள் (இரு சக்கர உழவு இயந்திரங்கள்) வயலுக்கு இறங்குகின்றன. அவற்றில் பல, இறங்கிய முதல் நாளிலேயே ஸ்டார்ட் ஆக மறுக்கின்றன. அந்த நாட்களில் என் வேலைத்தளத்துக்கு வரும் மெஷின்களில், தானாகப் பழுதடைந்து வருபவற்றைவிடத் திருத்தப் போய்ப் பழுதாக்கப்பட்டு வருபவையே கூடுதலாக இருக்கின்றன. கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் வேலை பழகத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள். அவர்கள் செய்யும் பிழைகள் நான் அந்த வயதில் செய்தவையே என்பதால் இதை எழுதுகிறேன். தாங்கியில் டீசல் இருக்கிறதா, கொக் (டீசல் வரும் வழியைத் திறந்து மூடும் அடைப்பான்) திறந்திருக்கிறதா என்பன போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவற்றை எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

டீசல் பம்பைக் கழற்றுவது

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். நேற்று மாலை வரை உழுத மெஷின் இன்று காலை ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், அதன் டீசல் பம்ப் ஓர் இரவுக்குள் தேய்ந்துபோயிருக்க வழியில்லை. நேற்றுக் கடைசியில் தாங்கி வற்றும்வரை ஓட்டியிருப்பார்கள், குழாயில் எயர் (காற்று) பிடித்திருக்கும். அல்லது ஃபில்ரரில் தண்ணீர் நிற்கும். இரண்டுமே ஒரு ஸ்பனரைக் கொண்டு கால் மணி நேரத்தில் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். ஆனால் ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கை களைத்தவுடன், ஃபில்ரரைக்கூடப் பார்க்காமல், நேரே பம்பின் நட்டுகளில் ஸ்பனரைப் போடுகிறார்கள்.

போன மாதம் அக்கராயன் பக்கத்து வயல் ஒன்றுக்கு என்னை அழைத்தார்கள். வரம்பில் யூரியாப் பை ஒன்றை விரித்து, அதன் மேல் பம்பின் பாகங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒரு தம்பி, பம்புக்குள் ஓடி டீசலைத் தள்ளும் பிளஞ்சரைத் தன் சாரத்தின் நுனியால் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அதை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி போல் மினுங்கிய அந்த உருக்கின் மேல், கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும்படி ஒரு பஞ்சு நூலும் இரண்டு மணல் பொடிகளும் ஒட்டியிருந்தன.

பிளஞ்சரும் அது ஓடும் உறையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய சோடி. அவற்றுக்கு இடையிலுள்ள வெளி, ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்றிரண்டு அல்லது மூன்று பங்குதான். தலைமயிர் ஒன்றின் தடிப்பு அதைவிட இருபது மடங்குக்கு மேல் வரும். அந்த இறுக்கம் இருப்பதால்தான் அச்சிறிய பம்பினால் சதுர சென்ரிமீற்றருக்கு 100 கிலோவுக்கும் மேற்பட்ட அமுக்கத்தை உண்டாக்கி, டீசலைச் சிலிண்டருக்குள் விசிறும் நொசிலைத் திறக்க முடிகிறது. அதற்குள் புகும் ஒரு மணல் பொடி பிளஞ்சரில் கீறு போட்டால், அந்தக் கீற்றின் வழியாக டீசல் பின்னுக்கு வழியும். அதன் பிறகு நொசில் ஒழுங்காகத் திறக்காது. ஒரு சோடியின் பிளஞ்சரை இன்னொரு சோடியின் உறைக்குள் போடவும் முடியாது. முழுச் சோடியையும் புதிதாக வாங்க வேண்டும்.

பம்புக்கும் மெஷினின் உடலுக்கும் இடையில் கடதாசித் தடிப்பில் சில தகடுகள் இருக்கும். கழற்றும்போது அவை எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வந்து, பிறகு எங்கோ விழுந்துவிடும். டீசல் எந்த நேரத்தில் சிலிண்டருக்குள் பாய வேண்டும் என்பதை அந்தத் தகடுகள்தான் தீர்மானிக்கின்றன. ஒன்று குறைந்தால் டீசல் முந்திப் பாயும். மெஷின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். ஸ்டார்ட் செய்யும்போது ஹாண்டில் எதிர்ப்பக்கமாகத் திரும்பி மணிக்கட்டை முறிக்கவும் கூடும். அக்கராயனில் அன்று மூன்று தகடுகளில் இரண்டே பையில் இருந்தன. மூன்றாவதை வரம்புச் சேற்றைத் தடவித் தடவி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் சென்றது.

இவற்றைவிடப் பயங்கரமானது, டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக்கின் முள். பம்பைத் திரும்பப் பூட்டும்போது, அதன் ராக்கில் உள்ள சிறிய முள், மெஷினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் லிவர் கவைக்குள் சரியாக இறங்க வேண்டும். அது இறங்காமல் பக்கத்தில் நின்றாலும் பம்ப் ஒழுங்காக அமர்ந்ததுபோலவே தோன்றும்; நட்டுகளும் இறுகும். ஆனால் அப்போது கவர்னருக்கும் டீசலுக்கும் எந்தத் தொடர்பும் இராது. மெஷின் ஸ்டார்ட் ஆனவுடன் வேகம் ஏறிக்கொண்டே போகும். திரொட்டிலைக் குறைத்தாலும் குறையாது.

இதை நான் என் கையாலேயே செய்திருக்கிறேன். போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நாட்களில், இல்லாத பாகத்துக்கு மாற்றுச் செய்து மெஷின்களை இயங்க வைத்தவர்களிடம் நான் தொழில் பழகினேன். அவர்களுடைய கெட்டித்தனத்தின் மேல் எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் வேறு வழியில்லாமல் அவர்கள் கழற்றியதைப் பார்த்துப் பழகிய நாங்கள், போரால் மூடப்பட்டிருந்த ஏ9 வீதி 2002இல் திறந்து உதிரிப் பாகங்கள் தாராளமாக வரத் தொடங்கிய பிறகும், எதற்கெடுத்தாலும் கழற்றினோம். 2003 காலபோகத்தில் எனக்குப் பத்தொன்பது வயது. அயலில் இருந்த பெரியவர் ஒருவர் நகையை அடகு வைத்து வாங்கியிருந்த லாண்ட்மாஸ்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. நான் பம்பைக் கழற்றி, துடைத்து, பூட்டி, ஹாண்டிலைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. நான் சந்தோசப்பட்டு நிமிர்வதற்குள் சத்தம் ஏறத் தொடங்கியது, கரும்புகை கக்கியது, மெஷின் நின்ற இடத்திலேயே துள்ளியது. “தம்பி, நிற்பாட்டடா!” என்று அவர் கத்தினார். நான் ஓடிப்போய்க் கொக்கைப் பூட்டினேன். ஃபில்ரர் கிண்ணத்தில் மிச்சமிருந்த டீசலே அதற்குப் போதுமாக இருந்தது. பிஸ்டனோடு பூட்டியிருக்கும் கொனெக்ரிங் ரொட் முறிந்து, மெஷினின் உடலை உடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அது நின்றது. அந்தப் போகம் அவர் கூலிக்கு மெஷின் பிடித்து, மற்றவர்களுக்கெல்லாம் உழுது முடிந்த பின்னரே விதைத்தார்.

அப்படி ஒரு மெஷின் கட்டுமீறி ஓடினால், நொசிலுக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டைப் பக்கவாட்டில் நின்று ஸ்பனரால் இளக்க வேண்டும். அல்லது எயர் கிளீனரின் வாயைப் பலகை ஒன்றால் இறுக மூட வேண்டும். கையால் மூடக் கூடாது. துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் அதையும் பயன்படுத்தக் கூடாது. கிட்டப் போக முடியாத அளவுக்கு ஆடுமானால் ஆட்களை விலக்கிவிட வேண்டும். பம்பை உண்மையிலேயே கழற்ற வேண்டிய தேவை வந்தால், தகடுகளை முதலிலேயே எண்ணிக் கம்பியில் கோர்த்து வைத்து, திரும்பப் பூட்டிய பின் ராக் இரண்டு பக்கமும் தடையின்றி அசைகிறதா, திரொட்டிலோடு சேர்ந்து நகர்கிறதா என்பதைப் பார்த்த பிறகே ஹாண்டிலைத் தொட வேண்டும். சில மெஷின்களில் இதைப் பார்ப்பதற்கென்றே பக்கத்தில் ஒரு சிறு மூடி இருக்கிறது.

புகையைப் பார்க்காமல் சுற்றுவது

ஹாண்டிலைச் சுற்றும்போது இன்னொருவர் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். டீசல் மெஷினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. எனவே வெண்புகை வந்தும் பிடிக்காத மெஷினில், சுற்றுவதை இலகுவாக்க வால்வைத் தூக்கிப் பிடிக்கும் லிவரில் இருந்து கையை எடுத்துவிட்டு ஹாண்டிலை மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கனத்த வில் ஒன்றை அமுக்குவதுபோல் எதிர்த்து நிற்காமல் இலகுவாகச் சுழன்றால், வால்வோ பிஸ்டன் ரிங்கோ காற்றை விடுகிறது. நெடுநாள் நின்ற மெஷினில் துருப்பிடித்த வால்வு பாதி திறந்தபடியே இறுகியிருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. இந்த இரண்டில் எது என்று தெரியாமல் எந்த நட்டையும் இளக்க வேண்டாம்.

எயர் எடுப்பதைப் பாதியில் விடுவது

எயர் எடுக்கத் தெரியும் என்று சொல்பவர்களில் பலர் ஃபில்ரர் திருகாணியோடு நின்றுவிடுகிறார்கள். தாங்கியைப் பாதிக்கு மேல் நிரப்பி, முதலில் ஃபில்ரரின் திருகாணியை இளக்கி, குமிழி நின்று டீசல் மட்டும் வழியும்போதே, வழிந்துகொண்டிருக்கையிலேயே, அதை இறுக்க வேண்டும். பின்னர் பம்பின் திருகாணிக்கும் அதேபோல் செய்ய வேண்டும். கடைசியாக நொசில் பக்கத்து நட்டை ஒரு சுற்று இளக்கி, திரொட்டிலை முழுதாகத் திறந்து, வால்வு லிவரைத் தூக்கிப் பிடித்து, டீசல் துள்ளி வரும்வரை சுற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால் மற்ற இரண்டும் வீண். இரும்புக் குழாய்க்குள் நிற்கும் காற்று பிளஞ்சர் தள்ளும்போது சுருங்கி, விடும்போது விரிந்துகொள்ளும், நொசில் திறக்காது. நட்டை இறுக்கிய பின் மறுபடி சுற்றினால் நொசிலில் இருந்து “கிறீச்” என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டபின் ஸ்டார்ட் செய்யலாம்.

எயர் கிளீனரில் பெற்றோல் விடுவது

ஒருபோதும் செய்யக் கூடாது. ரிங் உடையும், ஹாண்டில் திருப்பி அடிக்கும், தீயும் பிடிக்கலாம்.

கழற்றிய நொசிலின் முன்னால் கையை நீட்டிப் பார்ப்பது

பாயும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கானின் அடி டீசல்

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கிடைத்ததையெல்லாம் கானில் சேர்த்து வைக்கப் பழகினோம். அந்தப் பழக்கம் இன்றும் பலரிடம் இருக்கிறது. சேர்த்து வைப்பதில் பிழையில்லை, ஆனால் தண்ணீர் டீசலைவிடக் கனமானது. அது அடியில் தங்கும். கானை மோட்டார் சைக்கிளில் கட்டிக் கிரவல் ரோட்டில் குலுக்கிக்கொண்டு வந்து அப்படியே தாங்கிக்குள் கவிழ்த்தால், அந்தத் தண்ணீர் முழுவதும் மெஷினுக்குள் போகும். சாதாரணத் துணியில் வடிப்பது தூசியைப் பிடிக்குமே தவிரத் தண்ணீரைப் பிடிக்காது. கானை ஓர் இரவு அசையாமல் வைத்து, மேலிருந்து ஊற்றி, அடியில் நிற்கும் ஒரு போத்தல் அளவை விட்டுவிட வேண்டும். ஃபில்ரர் கிண்ணத்தைக் கழற்றிச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் அது டீசலுக்கு அடியில் மணி மணியாக உருளும். மண்ணெண்ணெய் கலந்த டீசலையும் வாங்காதீர்கள். டீசலே பிளஞ்சருக்கு எண்ணெயாகவும் இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கும் தன்மை போதாது.

தாங்கி மூடியின் துளை

ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடம் ஓடி, பின் மூச்சு வாங்குவதுபோல் இழுத்து நிற்கும் மெஷின் என்றால், தாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். “உஸ்” என்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியில் உள்ள ஊசித் துளை அடைபட்டிருக்கிறது. கொட்டிலில் நின்ற மெஷின்களில் குளவி அந்தத் துளையில் மண் அப்பிவிடும். மெல்லிய கம்பியால் குத்தி, மூடியைக் கழுவி, ஈரம் காய்ந்த பின் போட வேண்டும்.